பார்னெல் சரித்திரம்: சிறு கட்சியின் வலிமையும் வீழ்ச்சியும்

தேர்தற்காலம் நெருங்குந்தோறும் நம்மனோர் கூடுமிடங்களில் ஒரு வினா தவறாது எழுகின்றது. தொகையிற் சிறியதொரு கூட்டத்தார் தமக்கெனத் தனிக்கட்சி கண்டு நிற்பதால் விளையும் பயன் யாது? பெருங்கட்சி இரண்டு களத்திற் பொருதுங்கால், இடையே நுழையும் சிறு கட்சி இரண்டு யானைகளின் காலிடை அகப்பட்ட எறும்பாய் முடியாதோ? இவ்வினாவிற்கு வாதத்தால் விடை தேடுவதினும், அவ்வழியில் நடந்து காட்டிய ஒருவரது வாழ்க்கையால் விடை தேடுதல் சாலச் சிறந்தது. அங்ஙனம் நடந்தவருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் அயர்லாந்து தேசத்துச் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் என்பார். அவர் பெற்ற வெற்றியும் அடைந்த வீழ்ச்சியும் நமக்கு ஒருங்கே பாடமாகலின், அன்னார் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

நாடும் பிறப்பும்

1800-ஆம் ஆண்டு நிறைவேறிய இணைப்புச் சட்டத்தால் அயர்லாந்து தன் சொந்தப் பார்லிமெண்டை இழந்தது. 1801 முதல் அந்நாட்டார் லண்டன் மாநகரத்துப் பார்லிமெண்டுக்கே அங்கத்தினரை அனுப்பி வரலாயினர். 658 பேர் கொண்ட காமன்ஸ் சபையில் அவர்க்குக் கிடைத்தவை 100 ஸ்தானங்களே. ஜனங்களிற் பெரும்பாலார் கத்தோலிக்கர். நிலத்திற் பெரும்பங்கை ஆண்ட ஜமீந்தார்களோ பெரும்பாலும் புராட்டஸ்டண்டு மதத்தினர். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து கொடும்பஞ்சம் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பத்து லக்ஷம் மக்கள் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறிப் பிறநாடு சென்றனர்.

அப்பஞ்சம் பரவிய நாளில், 1846 ஜூன் 27-ஆம் நாள், விக்லோ மாகாணத்து ஆவன்டேல் மாளிகையில் பார்னெல் பிறந்தார். அவர் குடும்பம் புராட்டஸ்டண்டு ஜமீந்தார் குடும்பம். அவருடைய மூதாதையருள் ஒருவரான ஸர் ஜான் பார்னெல், அயர்லாந்தின் நிதி மந்திரியாயிருந்தும், இணைப்புச் சட்டத்தை எதிர்த்து நின்றவர். தாயார் டெலியா அம்மையார், அமெரிக்கக் கடற்படைத் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பாரின் மகளார். 1859-ல் தந்தையை இழந்த இளைஞர், பின்னர்க் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். ஆயின் ஒரு சச்சரவின் காரணமாக 1869-ல் விலக்கப்பெற்றுப் பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார். கிரிக்கெட் ஆட்டத்தில் விருப்பமுடையவர். நூற்பயிற்சியில் அத்துணை நாட்டமிலர். கூட்டத்தில் எழுந்து பேச நாத் தடுமாறுபவர். அவர் தேசத்தார்க்கு உவந்த நிறம் பச்சை. அவருக்கோ அந்நிறம் அபசகுனம். இத்தகையவர் ஒரு தேசத்திற்குத் தலைவராவார் என அந்நாளில் எவரும் நினைத்திரார்.

கட்டுப்பாடற்ற கட்சி

அயர்லாந்துக்குச் சுயாட்சி வேண்டுமென்னும் நோக்குடன் ஐஸக் பட் என்னும் பெருந்தகையார் 1873-ல் ஒரு சங்கம் கண்டார். 1872-ல் இரகசிய வாக்குமுறை சட்டமானபடியால், ஜமீந்தாரின் கண்ணுக்கு அஞ்சாது குடியானவர் வாக்களிக்க வழி பிறந்திருந்தது. 1874-ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயாட்சி கோரியோர் ஏறத்தாழ 60 பேர் வெற்றி பெற்றனர். எண்ணிக்கையளவில் இது பெருவெற்றியே. ஆயினும் பயன் சிறிதும் விளைந்திலது. என்னையெனில், சுயாட்சி என்னும் ஒரு பொருளில் மட்டுமே அவர் ஒன்றுபட்டனர். ஏனையவற்றில் ஒவ்வொருவரும் தத்தம் மனம்போல் வாக்களித்தனர். பட் பெருந்தகையார் ஆண்டுதோறும் மரியாதையாகத் தீர்மானம் கொணர்வார். சபையோரும் மரியாதையாகவே அதனைத் தோற்கடிப்பர்.

1875 ஏப்ரலில் மீத் தொகுதியின் உபதேர்தலில் வென்று பார்னெல் சபையுட் புகுந்தார். சில மாதங்கள் வாய் திறவாது யாவற்றையும் உற்று நோக்கினார். அறுபதின்மரைக் கண்டு அஞ்சாத சபை, பெல்பாஸ்டு நகரத்து வியாபாரியான ஜோஸப் பிக்கர் என்னும் ஒருவரைக் கண்டு சலிப்புறுதலை அவர் கண்டார். பிக்கர் மணிக்கணக்காகப் பேசிச் சபையின் அலுவலைத் தடுத்து வந்தார். அந்நாளைய விதிகளின்படி ஓர் அங்கத்தினரின் பேச்சை நிறுத்த எவராலும் இயலாது. பார்னெல் அவருடன் சேர்ந்து, 1877 முதல் அம்முறையைக் கூர்மையான ஆயுதமாக்கினார். அயர்லாந்தின் குறையைக் கேளாத சபை, பிரிட்டனின் காரியத்தையும் நடத்தவியலாது என்பதே அதன் கருத்து. 1881 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 2 வரை, அடக்குமுறை மசோதா ஒன்றின்மேல், சபை 41 மணி நேரம் இடைவிடாது கூடியிருந்தது. முடிவில் சபாநாயகர் பிராண்டு தம் அதிகாரத்தாலேயே விவாதத்தை நிறுத்த நேர்ந்தது. சபையின் பழைய விதிகள் மாறுதற்கு இச்சிறு கூட்டத்தாரே காரணராயினர்.

நிலமும் வாக்கும்

சபையில் எத்துணை வல்லமை காட்டினும், ஊரில் வேர் இல்லாத கட்சி நிலையாது. இதனைப் பார்னெல் நன்குணர்ந்தார். 1879-ல் விளைவு குன்றி விலை வீழ்ந்து, வாரம் செலுத்தமாட்டாத குடியானவர் நிலத்தினின்று வெளியேற்றப்பட்டனர். அவர்க்காக மைக்கேல் டாவிட் முயன்று, 1879 அக்டோபரில் டப்ளினில் நிலச் சங்கத்தை அமைத்தார்; பார்னெல் அதன் தலைவரானார். ஜமீந்தாராகிய ஒருவர் ஜமீந்தார் முறையை எதிர்க்கும் சங்கத்திற்குத் தலைமை தாங்கியது கருதத்தக்கது. 1880 பிப்ரவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் பேசும் பேறு அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மூன்று தொகுதிகளில் வென்று, கார்க் நகரத்தைத் தமக்கெனக் கொண்டார். மே மாதத்தில் 23 பேர் ஆதரிக்க, 18 பேர் எதிர்க்க, கட்சித் தலைவரானார். அப்பொழுது அவருக்கு வயது 33.

அவ்வாண்டு செப்டம்பரில் என்னிஸ் நகரத்துக் கூட்டத்தில், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை ஏற்பவனை அடிக்கவும் வேண்டா, கொல்லவும் வேண்டா, அவனோடு ஊரார் பேச்சும் கொடுக்கல் வாங்கலும் ஒழித்துவிடுதலே போதுமென்று அவர் அறிவுறுத்தினார். சில நாளில் மேயோ மாகாணத்தில் பாய்காட் என்னும் ஜமீன் காரியஸ்தர் இம்முறைக்கு இலக்காயினார். அறுவடைக்கு ஆளின்றி, வடக்கிலிருந்து 50 கூலியாட்கள் பெரும்படைக் காவலுடன் வர நேர்ந்தது. அவர் பெயரே பகிஷ்காரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாயிற்று. நம் நாட்டுக் கிராமங்களில் ஊர்க்கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் எளியாரை ஒடுக்கவே பயன்பட்டு வந்திருக்கின்றது. ஆண்டு அது வலியார்மேற் செலுத்தப்பட்டது என்னும் வேற்றுமையை நாம் மறத்தலாகாது.

1881-ல் பிரதம மந்திரி கிளாட்ஸ்டன், நியாயமான வாரத்தை நிர்ணயிக்கும் நிலச் சட்டத்தை நிறைவேற்றினார். அச்சட்டத்தைப் பார்னெல் முழுதும் ஏற்றிலர். அது காரணமாக அவ்வாண்டு அக்டோபரில் கில்மேனம் சிறையில் வைக்கப்பட்டு, 1882 மே 2-ஆம் நாள் ஓர் உடன்பாட்டின்பேரில் விடுதலையானார். வாரப்பாக்கி பற்றிக் குடியானவர்க்குச் சலுகை தருதலும், பார்னெல் நாட்டில் அமைதிக்கு உழைத்தலும் அவ்வுடன்பாட்டின் சாரம். நான்கே நாளில் டப்ளினில் பீனிக்ஸ் பூங்காவில் அயர்லாந்து மந்திரியும் அவருடைய உதவி அதிகாரியும் குத்திக் கொல்லப்பட்டனர். அக்கொடுஞ்செயலைப் பார்னெல் வெளிப்படையாகக் கண்டித்ததுடன், அரசியலினின்றே விலகவும் ஒருப்பட்டார்.

86 என்னும் எண்

அதன்பின் அவர் செய்த வேலையே நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1882 அக்டோபரில் தேசியச் சங்கம் அமைந்தது. ஊர்தோறும் அதன் கிளைகள். மாகாணந்தோறும் வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் கூட்டங்கள். 1884-ல் வேட்பாளர் ஒவ்வொருவரும் ஒரு பிரதிக்ஞையிற் கையொப்பமிட வேண்டுமென ஏற்பட்டது. சபையிற் கட்சியோடு அமர்ந்து, கட்சியோடு நடந்து, கட்சியோடு வாக்களிப்பதென்றும், தவறியதாகக் கட்சியிற் பெரும்பாலோர் தீர்மானித்தால் ஸ்தானத்தைத் துறப்பதென்றும் அவர் உறுதி கூறவேண்டும். பிரிட்டிஷ் பார்லிமெண்டு அங்கத்தினர்க்கு 1911 வரையிற் சம்பளம் கிடையாது. ஆகலின் ஏழை அங்கத்தினரின் ஜீவனத்திற்குக் கட்சி நிதியினின்று பொருள் உதவப்பட்டது. செல்வரே பிரதிநிதியாகலாம் என்னும் நிலை இதனால் மாறியது. 1884-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டமோ அயர்லாந்தின் வாக்காளர் தொகையை ஏறத்தாழ மூன்று மடங்காக்கியது.

பார்னெலின் கொள்கை எளியது. லிபரல், கன்ஸர்வேடிவ் என்னும் பெருங்கட்சி இரண்டனுள் எதற்கும் அவர் நண்பருமல்லர், பகைவருமல்லர். எது தம் தேசத்திற்கு மிகுதியாகத் தருமோ அதன்பக்கம் நிற்பார். 1885 ஜூனில் அவர் கூட்டத்தார் கன்ஸர்வேடிவ் கட்சியாரோடு சேர்ந்து வாக்களித்ததால் கிளாட்ஸ்டன் மந்திரி சபை வீழ்ந்தது. பின்வந்த சாலிஸ்பரி பிரபுவின் மந்திரி சபை, குடியானவர் நிலம் வாங்குதற்கு ஐம்பது லக்ஷம் பவுன் கடனுதவும் சட்டத்தைத் தந்தது.

அவ்வாண்டு இறுதியில் நடந்த பொதுத் தேர்தலின் முடிவு, கணக்கையே வியப்பாக்கியது. 670 ஸ்தானங்களில் லிபரல்கள் 335 பெற்றனர். கன்ஸர்வேடிவ்கள் 249 பெற்றனர். பார்னெல் கட்சியார் 86 பெற்றனர். அயர்லாந்தின் 103 ஸ்தானங்களில் 85-ம், ஐரிஷ் மக்கள் மிக்க லிவர்பூல் தொகுதியொன்றும் அவருடையன. 249-உடன் 86-ஐக் கூட்டின் 335. ஆகவே பார்னெல் கன்ஸர்வேடிவ் பக்கம் நின்றால் தராசு சமமாகும். லிபரல் பக்கம் நின்றால் அவர் கை மிக ஓங்கும். ஆயின் கன்ஸர்வேடிவ்கள் தாமாக ஆளுதல் எவ்வாற்றானும் இயலாது. சபையில் எட்டிலொரு பங்கினர்க்குச் சற்றே மிகுந்தோர், சாம்ராஜ்யத்தின் ஆட்சியைத் தம் கையிற் பிடித்தனர்.

இதன் பயனாகக் கிளாட்ஸ்டன் சுயாட்சிக் கொள்கையை ஏற்று மீண்டும் பிரதம மந்திரியாகி, 1886 ஏப்ரல் 8-ஆம் நாள் சுயாட்சி மசோதாவைக் கொணர்ந்தார். பன்னிரண்டாண்டுகளுக்குமுன் மரியாதையாகத் தோற்கடிக்கப்பட்டு வந்த கோரிக்கை, அரசாங்கத்தின் மசோதாவாகவே வந்து நின்றது. ஆயினும் ஜூன் 8-ஆம் நாள் 311 பேர் ஆதரிக்க 341 பேர் எதிர்த்து அது தோற்றது. லிபரல்களுள் ஏறக்குறைய 90 பேர் பிரிந்து எதிர்த்து வாக்களித்ததே காரணம். அல்ஸ்டர் பகுதிப் புராட்டஸ்டண்டுகளும், டப்ளின் பார்லிமெண்டில் தாம் சிறுபான்மையராவோம் என்று அஞ்சி மூர்க்கமாக எதிர்த்தனர். சிறுபான்மையோருள்ளும் ஒரு சிறுபான்மை உண்டென்பதையும், அவரது அச்சத்தைப் போக்காது காரியம் முற்றுப்பெறாதென்பதையும் பார்னெல் உள்ளிட்டோர் அந்நாளில் உணர்ந்த அளவு போதாது.

தராசு சாய்ந்தமை

1886 ஜூலைத் தேர்தலிற் கன்ஸர்வேடிவ்கள் பெரிய கட்சியாயினர். எனினும் தனிப்பெரும்பான்மை பெற்றிலர். லிபரல்களினின்று பிரிந்த கூட்டத்தாரே அவர்க்குத் தாங்குகோலாயினர். சிறு கட்சியின் வலிமையைப் பார்னெலுக்கு எதிராகவே பிறிதொரு சிறு கட்சி கையாண்டது காண்க. அதனால் பார்னெல் கட்சிக்கு லிபரல்களை விட்டால் வேறு வாயில் இல்லாமற் போயிற்று. இருபக்கமும் சாயவல்லதாயிருந்த முள் ஒருபக்கமே நின்றுவிட்டது.

1887-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை, பீனிக்ஸ் பூங்காக் கொலையை அவர் உள்ளூர ஆதரித்ததாகக் காட்டும் கடிதமொன்றை வெளியிட்டது. விசாரணை மன்றத்தில், 1889 பிப்ரவரியில், ரிச்சர்டு பிகட் என்பான் அத்தகைய கடிதங்களைப் பொய்யாகப் புனைந்தமை குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டது. அவன் மாட்ரிட் நகருக்கு ஓடித் தற்கொலை புரிந்தான். பார்னெல் சபையுட் புகுந்தபோது எதிர்க்கட்சியார் எழுந்து நின்று ஆரவாரித்தனர். அவர் புகழ் அந்நாளில் உச்சியை அடைந்தது.

ஆயின் அவர் வாழ்வில் மறைந்திருந்த ஒன்று அவ்வாண்டிறுதியில் வெளிப்பட்டது. காப்டன் ஓஷே என்பாரின் மனைவியாகிய காதரைன் அம்மையாரோடு 1880 முதல் அவருக்கு உறவு இருந்தது, மக்களும் பிறந்தனர். ஓஷே தொடுத்த விவாகரத்து வழக்கிற் பார்னெல் எதிர்வாதம் புரிந்திலர். 1890 நவம்பரில் தீர்ப்பு அவருக்கு மாறாயிற்று. ஈண்டு மற்றொன்று கூறவேண்டும். 1886 பிப்ரவரியில் கால்வே தொகுதிக்கு, பிரதிக்ஞையிற் கையொப்பமிடாத அவ்வோஷேயையே வேட்பாளராக்கப் பார்னெல் வற்புறுத்தினார். பிக்கரும் ஹீலியும் எதிர்த்தும் அவர் கேட்டிலர். கட்சியார் அனைவரையும் கட்டிய விதியைத் தலைவரே தம் சொந்தக் காரணம் பற்றித் தளர்த்தினார். கட்சியின் கட்டுக்கோப்பில் முதல் விரிசல் அன்றே விழுந்தது.

1890 நவம்பர் 25-ஆம் நாள் கட்சியார் அவரையே மீளவும் தலைவராகத் தெரிந்தெடுத்தனர். ஆனால் அவர் தலைமை நீடித்தால் தம் கட்சி தேர்தலில் தோற்குமென்னும் கிளாட்ஸ்டனின் கடிதம் உடனே வெளியாயிற்று. கத்தோலிக்க மேற்றிராணிமாரும் அவரைக் கண்டித்தனர். டிசம்பர் 1 முதல் 6 வரை, பார்லிமெண்டு மாளிகையின் 15-ஆம் எண் அறையில் கட்சி கூடி வாதிட்டது. கிளாட்ஸ்டன் இன்றிச் சுயாட்சி இல்லை. ஒருவர் பொருட்டுத் தேசத்தின் காரியத்தைக் கெடுக்கலாமோ என்றனர் ஒரு சாரார். நம் தலைவர் யாரென்பதை வேற்றுக் கட்சித் தலைவர் நிர்ணயிப்பாராயின் நாம் தனிக்கட்சியாவது எங்ஙனம் என்றனர் மறுசாரார். இரண்டிலும் உண்மை உண்டு; அதுவே அவ்வழக்கின் துயரம். முடிவில் ஜஸ்டின் மக்கார்த்தியுடன் 44 பேர் வெளியேறினர். பார்னெலுடன் 27 பேரே தங்கினர்.

பார்னெல் பணிந்தாரில்லை. மூன்று உபதேர்தல்களில் தம் ஆட்களை நிறுத்தினார், மூன்றினும் தோற்றார். 1891 ஜூன் 25-ல் காதரைன் அம்மையாரை மணந்தார். மழையிலும் குளிரிலும் அலைந்த உடல் தளர்ந்து, அக்டோபர் 6-ஆம் நாள், 45-ஆம் வயதில், தென் இங்கிலாந்தின் கடற்கரையூரான ஹோவில் உயிர் நீத்தார். டப்ளினில் கிளாஸ்னெவின் இடுகாட்டிற் பெருந்திரளான மக்கள் கூடி அவரை அடக்கம் செய்தனர்.

அறியத்தக்கது

1892-ஆம் ஆண்டுத் தேர்தலில் பார்னெல் கட்சியார் 9 பேரே வென்றனர். பிரிந்தோர் 1900-ல் ஜான் ரெட்மண்டு தலைமையில் ஒன்றுகூடினர். 1910-ல் பெருங்கட்சி இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே, தராசின் முள் மீண்டும் ஐரிஷ் கட்சியின் கைக்கு வந்தது. 1911-ல் பிரபுக்கள் சபையின் தடையதிகாரம் குறைந்தது. 1914 செப்டம்பரில் சுயாட்சிச் சட்டம் ஏட்டில் ஏறியது. யுத்தத்தால் நடைமுறைக்கு வாராது நின்றது. காத்திருந்து சலித்த மக்கள் 1918-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஸின் பேன் கட்சிக்கு 73 ஸ்தானங்களை அளித்தனர். பழைய கட்சிக்கு எஞ்சியவை 6.

இச்சரித்திரத்தினின்று நாம் அறியத்தக்கவை மூன்று. சிறு கட்சியின் வலிமை தலைகளின் எண்ணிக்கையிலன்று, அத்தலைகள் ஒருமுகமாய் நிற்றலில் உள்ளது. 60 பேரால் ஆகாதது 86 பேரால் ஆயது எண்ணின் மிகுதியால் மட்டுமன்று. இரண்டாவது, பெருங்கட்சிகள் அதனை ஐயுற்று மதிக்கும் வரையிலேயே அதற்கு விலையுண்டு; எவ்வாறாயினும் நம்மை விட்டுப் போகமாட்டார் என்று ஒரு பெருங்கட்சி எண்ணத் தொடங்கிய நாளில், அதன் தலைவரைக்கூடப் பிறரே நிர்ணயிப்பர். மூன்றாவது, கட்டுப்பாடு என்பது தொண்டனுக்கு ஒன்று, தலைவனுக்கு ஒன்று என்றிருத்தல் தகாது. பிரதிக்ஞையை வகுத்தவரே அதனைப் பிறழ்ந்தபின், இக்கட்டு வந்துற்ற வேளையில் அதனைக் காட்டி எவரையும் நிறுத்த அவரால் இயன்றிலது.

கிளாஸ்னெவினில் அவர் கல்லறைமேற் பெரியதொரு கருங்கல் கிடக்கின்றது. அதில் பார்னெல் என்னும் பெயர் ஒன்றே பொறிக்கப்பட்டுள்ளது. நம் சங்கத்தார், சிறப்பாக இளைஞர், ஒரு கட்சியிற் சேருமுன்பும், ஒரு கட்சியைத் தொடங்குமுன்பும், ஒருவருக்கு வாக்குறுதி அளிக்குமுன்பும் இவர் வாழ்வையும் தாழ்வையும் ஒருங்கே சிந்திப்பாராக.